ஒரே விரலை அறிந்த இசைக்கருவி

நின்டெண்டோ டி.எஸ். என்ற கையடக்கக் கேம் கருவியைப் புத்தகம்போல விரித்து இடது கையில் ஏந்திக்கொள்ளுங்கள். இடது கட்டைவிரல் சிலுவை வடிவத் திசைப் பொத்தானின் மேல் இருக்கட்டும். வலது கையில், பென்சிலில் பாதி நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குச்சி, ஸ்டைலஸ் என்பார்கள். கீழ்த்திரையின் குறுக்கே ஒரே ஒரு தந்தி வரையப்பட்டிருக்கிறது. கட்டைவிரலால் ஒரு திசையை அழுத்திக்கொண்டு, ஸ்டைலஸால் அந்தத் தந்தியை மேலிருந்து கீழாக உரசினால், கிட்டாரில் ஒரு கார்ட், அதாவது பல சுரங்கள் சேர்ந்த கூட்டொலி, ஒலிக்கிறது. திரையில் இருப்பது ஒரு தந்திதான். காதில் விழுவது ஆறு தந்திகளும் சேர்ந்த ஓசை. கீழிருந்து மேலாக உரசினால் அதே கார்ட் சற்றே வேறு சாயலில் வருகிறது. கட்டைவிரலைப் பக்கத்துத் திசைக்கு நகர்த்தி மறுபடி உரசினால் அடுத்த கார்ட். பத்து நிமிடப் பழக்கத்தில் கை தானாக ஓடத் தொடங்கிவிடும்.

யூபிசாஃப்ட் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘ஜாம் செஷன்ஸ்’ இது. அதற்கு முந்தைய ஆண்டே ஜப்பானில் பிளேட்டோ என்ற நிறுவனம் இதை ‘டி.எஸ். கிட்டார் எம்-06’ என்ற பெயரில் விற்றது. இதில் எதிரி இல்லை, உயிர்கள் இல்லை, ஜெயிப்பதும் இல்லை. விளையாட்டுக் கடையில் விளையாட்டு விலைக்கு விற்கப்பட்ட இசைக்கருவி என்றே சொல்லலாம். பொத்தானின் எட்டுத் திசைகளில் எட்டு கார்ட். ஓரத்துப் பொத்தானைத் தட்டினால் இன்னொரு எட்டு. ஆகப் பதினாறு. பெரும்பாலான பாட்டுகளுக்கு அதில் பாதியே போதும்.

கிட்டாரை மடியில் வைத்து வாசிப்பவரைக் கவனித்தால் இதன் சூட்சுமம் புரியும். அவருடைய இடது கை எந்தச் சுரக்கூட்டு என்பதைத் தேர்ந்தெடுக்கிறது. வலது கை அது எப்போது, எவ்வளவு வேகமாக ஒலிக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. இரண்டு கைகளுக்கும் இரண்டு வேறு வேலைகள். ஜாம் செஷன்ஸ் கிட்டாரிலிருந்து எடுத்துக்கொண்டது இந்த வேலைப் பிரிவினையை மட்டும்தான். ஆறு தந்தி, இருபது கட்டை, விரல்நுனியில் காய்ப்பு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டது. ஆனாலும் வாசிப்பவருக்குக் கிட்டார் வாசிக்கும் உணர்வு வருகிறது. கையடக்கக் கேம் கருவிகளில் இசைக்கருவிகளைப் போலச் செய்த முயற்சிகள் பல உண்டு. அவற்றில் எது தேறியது, எது தேறவில்லை என்று பார்த்தால், ஓசை எவ்வளவு அசலாக இருந்தது என்பது இரண்டாம் பட்சம்தான். அசல் கருவியில் கை செய்யும் வேலையில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற தேர்வே பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது.

மேலே போவதற்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இசை விளையாட்டு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ‘கிட்டார் ஹீரோ’ வகை. அதன் கையடக்கப் பதிப்பான ‘ஆன் டூர்’ 2008இல் டி.எஸ்.ஸுக்கு வந்தது. முந்தைய கருவியான கேம் பாய் அட்வான்ஸின் விளையாட்டு அட்டைகளைச் செருகுவதற்காக டி.எஸ்.ஸின் அடிப்பக்கத்தில் இருந்த பிளவில், நான்கு வண்ணப் பொத்தான்கள் கொண்ட ஒரு பிடியைச் செருகி, கையோடு பட்டையால் கட்டிக்கொள்ள வேண்டும். ஸ்டைலஸும் கிட்டார் மீட்டும் வில்லை வடிவத்தில் கொடுத்தார்கள். பார்வைக்கு ஜாம் செஷன்ஸைவிட இதுதான் அதிகம் கிட்டார்போல இருந்தது. ஆனால் இதில் நீங்கள் வாசிப்பதில்லை. பாட்டு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. திரை சொல்லும் நேரத்தில் சொல்லும் பொத்தானை அழுத்தினால் கிட்டார் பகுதி கேட்கும், தவறினால் அது அடங்கிப்போகும். உங்கள் சொந்த மெட்டை அதில் வாசிக்க முடியாது. மோசமாக ஒரு புது மெட்டு போடக்கூட முடியாது. எனக்கு அதுதான் அளவுகோல்: மோசமாக வாசிக்க இடம் கொடுக்கிறதா? கொடுத்தால் அது கருவி.

போகிற போக்கில் ஒன்று. அடுத்து வந்த டி.எஸ்.ஐ. மாடலில் நின்டெண்டோ அந்தப் பிளவையே எடுத்துவிட்டது. கிட்டார் பிடியைச் செருக இடமில்லாமல் போயிற்று. அசலைப்போலத் தோற்றமளிக்க வாங்கிய உபரிப் பாகத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

ஓசை விஷயத்துக்கு வருவோம். 2004இல் வெளிவந்த டி.எஸ்.ஸில் பதினாறு ஒலித்தடங்கள் உண்டு. ஒரே நேரத்தில் பதினாறு ஒலிகள் கேட்கலாம். நினைவகம் 4 மெகாபைட். அசல் கிட்டாரைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தும்போது ஒலிக்கவிடுவதுதான் எளிய வழி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டி.எஸ். விநாடிக்கு 32,768 முறை ஒலியின் அளவை வெளியே அனுப்புகிறது. ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில், அதாவது 2 பைட்டில் எழுதினால், ஒரு விநாடிக்கு 64 கிலோபைட். மொத்த நினைவகத்தையும் ஒலிக்கே கொடுத்தாலும் 64 விநாடிகள்தான் தேறும். ஒரு கார்ட் முழுதாக அடங்க மூன்று நான்கு விநாடி வேண்டும் என்றால், இருபது கார்டுக்குள் இடம் தீர்ந்துவிடும். இதற்காகத்தான் அளவுகளை நான்கு பிட்டாகச் சுருக்கி வைத்து, ஒலிக்கும்போது விரித்துக்கொள்ளும் வசதியை டி.எஸ்.ஸின் வன்பொருளிலேயே வைத்திருந்தார்கள். 64 விநாடி அப்போது நான்கு நிமிடத்துக்கும் மேலாகிறது. தேவைப்படும்போது மட்டும் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே பதிவை வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டுப் பக்கத்துச் சுரங்களையும் பெறலாம். சுருங்கச் சொன்னால், ஓசை என்பது சாமர்த்தியத்தால் தீர்க்கக்கூடிய சிக்கல்; தீர்த்தும்விட்டார்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் டி.எஸ். கிட்டார் குறைசொல்லும்படி இருக்காது.

தீராத சிக்கல் திரையில் இருந்தது.

டி.எஸ்.ஸின் தொடுதிரை இன்றைய கைப்பேசித் திரையைப் போன்றதல்ல. மெல்லிய இடைவெளியோடு இரண்டு கண்ணாடிபோன்ற அடுக்குகள். இரண்டிலும் மின்சாரம் கடத்தும் பூச்சு. மேலடுக்கை அழுத்தினால் அது கீழடுக்கைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் மின்னழுத்தம் எவ்வளவு என்று அளந்து, இடவலமாக எங்கே, மேல்கீழாக எங்கே என்று கணக்கிடுகிறார்கள். விரல், நகம், குச்சி, எதனால் அழுத்தினாலும் வேலை செய்யும், விலையும் மலிவு. ஆனால் அதற்கு ஒரே ஒரு புள்ளிதான் தெரியும். இரண்டு விரலால் இரண்டு இடத்தை அழுத்தினால் இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு புள்ளியை அழுத்தியதாக நினைத்துக்கொள்ளும். திரையில் ஒரு பியானோ கட்டைவரிசையை வரைந்து, ‘ச’வையும் ‘ப’வையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். இரண்டும் கேட்காது; இடையில் இருக்கும் ஏதோ ஒரு சுரம் கேட்கும். இசையில் இதைவிட எரிச்சலூட்டும் பிழை இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

திரையின் அகலம் 256 புள்ளிகள். இரண்டு ஸ்தாயிக்கான வெள்ளைக் கட்டைகளை அதில் அடுக்கினால் கட்டை ஒன்றுக்குப் பதினெட்டுப் புள்ளி. கையில் பார்த்தால் நான்கு மில்லிமீட்டர் சொச்சம். விரல் நுனி அதைவிட அகலம். ஆகவே விரலையும் மறந்துவிட வேண்டியதுதான். குச்சியால் ஒவ்வொரு கட்டையாகக் குத்திக் குத்தி வாசிக்க வேண்டும். பத்து விரல் வித்வானை ஒற்றைக் குச்சியோடு உட்கார வைத்ததுபோல.

இந்த ஒற்றைப் புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் கதை. ஜாம் செஷன்ஸ் கார்டின் சுமையைப் பொத்தானுக்குத் தள்ளிவிட்டு, ஒற்றைப் புள்ளியை உரசலுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. அதற்கும் முன்பே, டி.எஸ். ஜப்பானில் விற்பனைக்கு வந்த 2004 டிசம்பர் 2ஆம் தேதியே, ‘டைகாஸோ! பேண்ட் பிரதர்ஸ்’ என்ற வாத்தியக் குழு விளையாட்டும் வந்திருந்தது. தொடுதிரைதான் புதுமை என்று உலகமே பேசிக்கொண்டிருந்தபோது, அது பெரும்பாலும் பழைய பொத்தான்களையே நம்பியது. வலப்பக்கம் நான்கு, இடப்பக்கம் திசைப் பொத்தானில் நான்கு. மொத்தம் எட்டு. கீழ் ‘ச’விலிருந்து மேல் ‘ச’வரை எண்ணினாலும் எட்டு. இந்தப் பொருத்தம் தற்செயலானதுதான் என்றாலும், பொத்தான் வழியே சுரம் வாசிக்க நினைத்தவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

இன்னொரு வழி, முதலிலேயே ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பது. குழல் அப்படிப்பட்டது. 2009இல் வந்த ‘செல்டா: ஸ்பிரிட் டிராக்ஸ்’ விளையாட்டில் நாயகன் பல குழாய்களை அடுக்கிக் கட்டிய ஊதுகுழல் ஒன்றை வாசிக்கிறான். ஸ்டைலஸால் குழலை இடவலமாக நகர்த்தி வேண்டிய குழாயை நடுவில் நிறுத்திவிட்டு, கருவியின் மைக்கில் நிஜமாகவே ஊத வேண்டும். மைக்குக்கு நீங்கள் என்ன சுரம் ஊதுகிறீர்கள் என்று தெரியாது, தெரியவும் தேவையில்லை. காற்று வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது. சுரத்தை விரல் சொல்கிறது, மூச்சு அதற்கு உயிர் கொடுக்கிறது. புல்லாங்குழலிலும் வேலை இப்படித்தான் பிரிந்திருக்கிறது. நுட்பமாக ஊதுவது, உதட்டின் கோணம் எல்லாம் போய்விட்டன. ஆனால் மூச்சு இருந்தால்தான் ஒலி என்ற ஆதார விதி மிஞ்சியது. வேடிக்கை என்னவென்றால், முதல் டி.எஸ்.ஸில் மைக் கீழ்த்திரைக்குக் கீழே இருந்தது. 2006இல் வந்த டி.எஸ். லைட்டில் இரண்டு திரைகளுக்கும் நடுவிலுள்ள கீலுக்குப் போய்விட்டது. ஒரே குழலை எந்த மாடலில் வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஊதுமிடம் மாறியது. பஸ்ஸில் உட்கார்ந்து இதை வாசிப்பவரைப் பக்கத்து இருக்கைக்காரர் எப்படிப் பார்த்திருப்பார் என்பதை விவரிக்க வேண்டாம்.

ஒற்றைச் சுரக் கருவிகளில் இந்த யோசனையை அதன் எல்லைவரை கொண்டுபோனது ‘கோர்க் டி.எஸ்.-10’. எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்ததும் அதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோர்க் ஜப்பானின் பழம்பெரும் சிந்தசைசர் நிறுவனம். சிந்தசைசர் என்பது மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் இசைக்கருவி. 1978இல் அது எம்.எஸ்.-10 என்ற சிறிய சிந்தசைசரை வெளியிட்டது. 32 கட்டைகள், அவற்றுக்கு மேலே திருகுகள், திருகுகளுக்கு வலப்பக்கம் வயர் செருகும் துளைகள். அதில் எத்தனை கட்டையைச் சேர்த்து அழுத்தினாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். அதன் மின்சுற்றில் ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர் ஒன்றே ஒன்று. முப்பது ஆண்டுகள் கழித்து, 2008இல், எம்.எஸ். என்ற எழுத்துகளின் இடத்தில் டி.எஸ். என்று மாற்றி, அந்தக் கருவியின் வம்சத்தைக் கேம் அட்டைக்குள் கொண்டுவந்தார்கள். விளையாட்டு இசையமைப்பாளர் நொபுயோஷி சானோ அந்தத் திட்டத்தின் முக்கியமான முகம். ஒரே விரலை அறிந்த திரைக்கு, ஒரே சுரத்தை அறிந்த கருவி. பியானோவைக் கொண்டுவந்திருந்தால் பத்தில் ஒன்பது விரலை வெட்ட வேண்டியிருந்திருக்கும், எம்.எஸ்.-10இல் வெட்ட எதுவுமே இல்லை.

பதிவு செய்த ஒலி எதையும் டி.எஸ்.-10 ஒலிக்கவிடுவதில்லை. அலையை அந்தந்தக் கணத்தில் கணக்கிட்டே உண்டாக்குகிறது. ஆகவே மேலே சொன்ன 4 மெகாபைட் பிரச்சினை அதற்கு இல்லை. 67 மெகாஹெர்ட்ஸ் செயலி கணக்கில் திணறாமல் இருந்தால் போதும். உள்ளே இரண்டு சிந்தசைசர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஆசிலேட்டர்கள், கூடவே நான்கு ஒலிகள் கொண்ட டிரம் மெஷின்.

ஒரு ஒலியை அதில் உண்டாக்குவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்போம். திரையில் திருகுகள் வரிசையாக இருக்கின்றன. ஸ்டைலஸை ஒரு திருகின் மேல் வைத்து மேலே இழுத்தால் அது திரும்புகிறது. முதலில் ரம்பப்பல் வடிவ அலையைத் தேர்ந்தெடுக்கிறோம். காதைக் கூசவைக்கும் ‘ஈஈஈ’ என்ற ஒலி. ஃபில்டர் திருகைக் குறைத்தால் மேல் அதிர்வெண்கள் அடங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒலி மங்குகிறது. இப்போது பக்கத்துத் திரைக்குப் போனால் துளைகள் இருக்கின்றன. மெதுவாக ஏறி இறங்கும் அலையொன்று வெளிவரும் துளையிலிருந்து ஸ்டைலஸை இழுத்தால் அதன் பின்னாலேயே ஒரு வயர் நீண்டு வருகிறது. அதைக் கொண்டுபோய் ஃபில்டர் துளையில் விட்டால், மங்கிய ஒலி தானே வாய் திறந்து மூடி ‘வாவ், வாவ்’ என்று பேசத் தொடங்கும். அதே வயரைப் பிடுங்கிச் சுருதித் துளையில் செருகினால் ஒலி தள்ளாடுகிறது. வயர் வரையப்பட்ட வயர்தான். ஆனால் எதை எதோடு இணைத்தால் என்ன ஆகும் என்பதை அசல் சிந்தசைசரில் எப்படிக் கற்றுக்கொள்வார்களோ அப்படியே இங்கும் கற்கிறோம். பல ஆயிரம் ரூபாய் பெறும் கருவி வாங்க வழியில்லாமல் சிந்தசைசர் என்றால் என்னவென்று இங்கே படித்துக்கொண்டவர்கள் உண்டு.

கமகத்துக்குப் பழகிய காதோடு இதை அணுகினால் ஒரு குறை உறுத்தும்: கட்டைவரிசை என்றாலே படிக்கட்டு, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே கால்வைக்க இடமில்லை. டி.எஸ்.-10இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகவைக்கும் திருகு ஒன்று உண்டு. கமகம் என்று அதைச் சொன்னால் வித்வான்கள் அடிக்க வருவார்கள். ஜாரு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம், அதுவும் எல்லாச் சுரத்துக்கும் ஒரே அளவில்.

குச்சியால் வேகமாக வாசிக்க முடியாது என்பதையும் அதை வடிவமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால் மெட்டை நேரில் வாசிக்கத் தேவையில்லை. பதினாறு கட்டங்கள் கொண்ட சீக்வென்சரில் எந்தக் கட்டத்தில் எந்தச் சுரம் என்று புள்ளி வைத்துவிட்டால், கருவி சுற்றிச் சுற்றி அதை வாசித்துக்கொண்டே இருக்கும். விடுபட்ட கையால் திருகுகளைத் திருப்பி, ஓடிக்கொண்டிருக்கும் ஒலியின் சாயலை மாற்றிக்கொண்டிருக்கலாம். மேடையில் சிந்தசைசர் கலைஞர்கள் செய்வதும் பெரும்பாலும் இதைத்தான். இரண்டு மூன்று டி.எஸ்.களைக் கம்பியில்லா முறையில் இணைத்து ஒரே தாளத்தில் ஓடவிடவும் முடிந்தது. செய்த இசையை வெளியே எடுக்கத்தான் வழி வைக்கவில்லை. கோப்பாகச் சேமித்து அனுப்ப முடியாது. ஹெட்போன் துளையில் வயர் செருகி வேறொரு கருவியில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

‘எலெக்ட்ரோபிளாங்டன்’ இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனது, அல்லது கீழே. ஊடகக் கலைஞர் தோஷியோ இவாய் உருவாக்கி 2005இல் ஜப்பானில் வந்த இதில் கட்டைவரிசையே கிடையாது. பத்து வகை நீர்நுண்ணுயிர்கள். ஒன்று இலைமேல் துள்ளி விழும்போது மணியோசை கேட்கிறது, இன்னொன்று நீங்கள் வரைந்த கோட்டின் மேல் ஊர்ந்தபடி ஒலிக்கிறது, மற்றொன்று உங்கள் குரலைப் பதிந்துகொண்டு திருப்பிப் பாடுகிறது. விரல் எங்கே தொட்டது என்பதைவிட, தொட்டதால் அந்த உலகத்தில் என்ன நடந்தது என்பதே இசை. பார்க்கவும் கேட்கவும் கொள்ளை அழகு. அதில் உருவானதைச் சேமிக்க முடியாது. இவாயின் நோக்கத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களில் பலருக்குப் பொருந்தவில்லை. மேலே நான் வைத்த அளவுகோலை இதற்கு வைத்தால் எனக்கே தடுமாற்றம்: இதில் மோசமாக வாசிப்பது ஏறத்தாழ முடியாத காரியம். இருந்தும் இது கருவி இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

வாசிப்பவரின் பொறுமையைச் சோதிக்கும் இன்னொரு விஷயம் தாமதம். விரல் தொட்டதற்கும் ஒலி வந்ததற்கும் இடையிலான நேரம். காற்றில் ஒலி 10 மில்லிவிநாடியில் சுமார் 3.4 மீட்டர் போகிறது. மேடையில் ஏழு மீட்டர் தள்ளி நிற்கும் தவில்காரரின் அடி 20 மில்லிவிநாடி தாமதமாகத்தான் நம் காதுக்கு வருகிறது, அதைச் சமாளித்துக்கொள்கிறோம். நம் விரலே தட்டியது தாமதமாக வந்தால் மட்டும் உடனே உறுத்துகிறது. விளையாட்டுக் கருவிகள் பொதுவாகத் திரையை விநாடிக்கு அறுபது முறை புதுப்பிக்கின்றன. பொத்தானையும் அந்தச் சமயத்தில்தான் எட்டிப் பார்க்கும் வழக்கம். அப்படியானால் எட்டிப் பார்த்த மறுகணம் நீங்கள் அழுத்தினால், அது கவனிக்கப்பட 17 மில்லிவிநாடிவரை ஆகலாம். ஒருமுறை 2, ஒருமுறை 15 என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒரே அளவான தாமதத்துக்குக் கை பழகிவிடும். மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்துக்குப் பழக முடியாது. தாளம் ஆடுவதுபோலவே தோன்றும். ஓர் எதிரியைத் தாண்டிக் குதிக்கும் விளையாட்டில் யாரும் பொருட்படுத்தாத இந்தச் சிறு பிசகு, மிருதங்கத்தைத் தட்டிப் பழகியவர் கையில் வந்தால் முதல் ஆவர்த்தனத்திலேயே பிடிபட்டுவிடும். சீக்வென்சர் வகைக் கருவிகள் தப்பிப்பது இதனாலும்தான். அவற்றில் நேரத்தைப் பிடித்து நிற்பது இயந்திரம், விரல் அல்ல.

டி.எஸ்.ஸுக்கு முன்னோடியான கேம் பாயின் கதை இதற்கு நேரெதிர். 1989இல் வந்த அந்தச் சாம்பல் நிறக் கருவியில் கிட்டாரையோ பியானோவையோ போலி செய்ய வழியே இல்லை. மொத்தம் நான்கு ஒலித்தடங்கள்: இரண்டு சதுர அலைகள், ஓர் இரைச்சல், நாம் வடிவம் கொடுக்கக்கூடிய அலை ஒன்று. அந்தக் கடைசித் தடத்துக்குக் கிடைப்பது 32 புள்ளிகள், ஒவ்வொன்றும் பதினாறு உயரங்களில் ஒன்று. மொத்தம் 16 பைட்டில் உங்கள் வாத்தியம் அடங்க வேண்டும். கார்ட் வேண்டுமென்றால் மூன்று சுரங்களை ஒரே தடத்தில் கண்சிமிட்டும் நேரத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டுக் காதை ஏமாற்றுவார்கள். அந்தக் ‘கிறுகிறு’ ஓசை பிறகு ஒரு பாணியாகவே ஆகிவிட்டது.

சுருதியும் சரியாக நிற்காது. சதுர அலையின் அதிர்வெண் 1,31,072ஐ ஒரு முழு எண்ணால் வகுத்து வருவது. 440 ஹெர்ட்ஸ் வேண்டுமா, 298ஆல் வகுத்தால் 439.8 வருகிறது, யாருக்கும் தெரியாது. மூன்று ஸ்தாயி மேலே 3,520 வேண்டுமென்றால் அருகில் கிடைப்பது 37ஆல் வகுத்த 3,542. அரைச்சுரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு பிசகு. கீழே போனால் 64 ஹெர்ட்ஸோடு தரை தட்டிவிடும். அதற்கும் கீழே பேஸ் வேண்டுமென்றால் அலைத் தடத்தைத்தான் நாட வேண்டும்.

இத்தனை குறைகளும் தெரிந்தே அதை வாசிக்க விரும்பியவர்கள் இருந்தார்கள். 1998இல் ஜெர்மனியில் ஆலிவர் விட்ச்சோ, கேம் பாயில் இசையமைக்க ‘நானோலூப்’ என்ற நிரலை எழுதினார். நான்குக்கு நான்கு கட்டங்கள், அவ்வளவுதான் இடைமுகம். 2000இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி ‘லிட்டில் சவுண்ட் டி.ஜே.’ எழுதினார். இரண்டும் நின்டெண்டோ வெளியிட்டவை அல்ல. எண்களும் எழுத்துகளும் நிறைந்த லிட்டில் சவுண்ட் டி.ஜே.யின் திரையைப் பார்த்தால் வங்கிக் கணக்கேடுபோல இருக்கும். ஆனால் நான்கு பொத்தானில் பழகிய கட்டைவிரல்கள் அதில் ஓடும் வேகத்தைக் கண்டால் வீணைக்காரர் விரல் நினைவுக்கு வரும். கேம் பாய் வேறு எந்தக் கருவியாகவும் நடிக்கவில்லை. தானே ஒரு வாத்தியமாகி மேடையேறியது. ஒலி சுத்தமாக வர வேண்டுமென்று கருவியைத் திறந்து, உள்ளிருக்கும் ஒலிபெருக்கிச் சுற்றைத் தவிர்த்து, சிப்பின் அருகிலிருந்தே வயர் இழுத்துக்கொள்கிறார்கள்.

2007க்குப் பிறகு பல விரல்களை ஒரே நேரத்தில் உணரும் கைப்பேசித் திரைகள் வந்ததும் டி.எஸ். காலத்துச் சாமர்த்தியங்களுக்கான தேவை குறைந்துபோனது. கோர்க்கே 2010இல் ஐபேடுக்குத் தன் எம்.எஸ்.-20 சிந்தசைசரைக் கொண்டுவந்துவிட்டது. இருந்தும் கேம் கருவிகளைக் கைவிடவில்லை. 1988ஆம் ஆண்டின் எம்1 சிந்தசைசரின் ஒலிகளோடு டி.எஸ்.ஸுக்கு எம்01, பின்னர் 3டி.எஸ்.ஸுக்கு அதன் மறுபதிப்பு, 2014இல் அலைகளை முப்பரிமாணத்தில் காட்டும் டி.எஸ்.என்.-12, 2018இல் நின்டெண்டோவின் சுவிட்ச் கருவிக்குக் ‘கேட்ஜெட்’ என்று தொடர்ந்தது. வசதிகள் ஒவ்வொன்றிலும் கூடின. கைக்கு வேலை கொடுக்கும் விதத்தில் டி.எஸ்.-10ஐ மிஞ்சியது எதுவும் என் கண்ணில் படவில்லை.

கைக்கு வேலை கொடுக்கும் யோசனை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அதே 2018இல் நின்டெண்டோ ‘லேபோ’ என்ற பெயரில் அட்டைப்பெட்டித் தாள்களை விற்றது. மடித்துச் செருகிக் கட்டினால் அதிலொன்று பதின்மூன்று கட்டைகள் கொண்ட பியானோ ஆகும். ஒரு முழு ஸ்தாயி. சுவிட்சின் திரையை அதன் நடுவில் நிறுத்தி, அதிலிருந்து கழற்றிய வலது கைப்பிடியைப் பியானோவின் பின்பக்கம் செருக வேண்டும். அந்தக் கைப்பிடியின் நுனியில் அகச்சிவப்புக் கேமரா ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டையின் பின்முனையிலும் ஒளியைத் திருப்பும் சிறு ஒட்டுப்பட்டை. கட்டையின் முன்முனையை அழுத்தினால் பின்முனை நகர்கிறது, பட்டை கேமரா கண்ணில் படுகிறது, சுரம் ஒலிக்கிறது. அட்டைக்குள் மின்சாரமும் இல்லை, வயரும் இல்லை. கேமரா எல்லாக் கட்டைகளையும் சேர்த்தே பார்ப்பதால் ஒற்றை விரல் சாபமும் இல்லை. திரையைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல், கட்டையை அழுத்தினால் அது இறங்கி, விட்டால் மீளும் உணர்வு விரலுக்குத் திரும்பக் கிடைத்தது. நாள்பட்டால் அட்டை துவண்டுபோகும் என்பது வேறு விஷயம்.

அதன் மேல்பகுதியில் ஓர் இடுக்கு இருக்கிறது. ஒரு சிறிய அட்டையை எடுத்து, அதன் விளிம்பை மலைத்தொடர்போலக் கத்தரித்து அங்கே செருகினால், கேமரா அந்த விளிம்பைப் பார்த்து அதையே அலைவடிவமாக எடுத்துக்கொள்கிறது. கேம் பாயில் 32 புள்ளிகளாக வைத்த அதே அலை, இப்போது கத்தரிக்கோலால். மென்மையாக வளைத்து வெட்டினால் ஒருவிதமாகவும், ரம்பப்பல்லாக வெட்டினால் இன்னொரு விதமாகவும் பியானோ ஒலிக்கிறது. வெட்டும்போது கை நழுவி ஓரத்தில் ஒரு பிசிறு விழுந்தால், அந்தப் பிசிறும் சுரத்தோடு சேர்ந்துகொள்ளும்.